ஆறரை மில்லிமீட்டர் பெருமை

செவ்வாய்க் கிரகத்தில், பனிக்குடி மக்கள் காலையில் எழுந்ததும் முகம் கழுவி, வளிக்கவசம் மாட்டி, துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு மதிலுக்குப் போவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மதிலில் ஒரு பங்கு உண்டு. தங்கள் பங்குக்கு எதிரே ஊர்ந்து வரும் கறையான்களைச் சுட்டுத் தீர்த்துவிட்டு வந்த பிறகுதான் வீட்டில் காப்பி. சுடாமல் தூங்கிவிட்ட வீட்டைப் பற்றித் தெருவில் பேசுவார்கள், வாசல் பெருக்காத வீட்டைப் பற்றிப் பேசுவது போல.

கறையான் என்று அவர்கள் சொன்னது பூச்சியை அல்ல. முதல் குடியேற்றத்தின்போது உலோகம் தோண்டுவதற்காக இறக்கிவிடப்பட்ட, பூனை அளவு இயந்திரங்கள் அவை. தம்மைப் போலவே இன்னொன்றைச் செய்துகொள்ளத் தெரிந்தவை. கொண்டுவந்தவர்கள் கைவிட்டுப் போன பிறகும் அவை பெருகிக்கொண்டே இருந்தன. மண்ணுக்குள் தேடுவதைவிட மனிதர்களின் குவிமாடத்தைக் கடிப்பது சுலபம் என்று எப்படியோ கற்றுக்கொண்டன. ஒளிக்கதிரால் சுட்டால் அதையும் மின்சாரமாக்கிக் குடித்துவிட்டு இன்னும் வேகமாக வரும். ஆகவே பூமியில் பழசாகிப்போன தோட்டாதான் அங்கே உயிர் காத்தது. எரிவதற்கு வேண்டிய மூச்சையும் தனக்குள்ளேயே வைத்திருப்பதால், தோட்டாவுக்குக் காற்று தேவையில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் மூன்று குடிகள். மூன்று கப்பல்களில் வந்தவர்கள். ஒவ்வொரு கப்பலும் ஒவ்வொரு அளவுத் தோட்டா செய்யும் ஆலையோடு வந்து இறங்கியது. செங்குடிக்கு ஐந்தரை மில்லிமீட்டர், பனிக்குடிக்கு ஆறரை, மணற்குடிக்கு ஏழரை. வந்தபோது அது தோட்டாவின் அகலம். மூன்று தலைமுறையில் அது மனிதர்களின் அகலமாகிவிட்டது. தோட்டா மெலிந்து வேகமாகப் போவதால் தாங்களே அறிவாளிகள் என்றார்கள் ஐந்தரையர். கனமான தோட்டா ஒரே அடியில் சாய்ப்பதால் தாங்களே வீரர்கள் என்றார்கள் ஏழரையர். இரண்டும் தங்களிடம்தான் சரிவிகிதத்தில் இருக்கிறது என்றார்கள் ஆறரையர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அகலத்துக்குள்தான். வேற்று அகலத் துப்பாக்கியைத் தொட நேர்ந்தவர்கள் கையுறையைக் கழற்றி எறிந்தார்கள்.

கயற்கண்ணி பனிக்குடி ஆயுதசாலையின் தலைமைப் பொறியாளர். எதையும் திறந்து பார்க்காமல் விடாத கை. செங்குடி வணிகர் ஒருவர் தவறவிட்டுப் போன துப்பாக்கி ஒருநாள் அவள் மேசைக்கு வந்தபோது அதையும் திறந்தாள். உள்ளே பார்த்தவள் தன்னுடையதையும் எடுத்துப் பக்கத்தில் பிரித்து வைத்தாள். குழல் வேறு, தோட்டாவைப் பிடித்துப் பூட்டும் போல்ட் வேறு, தோட்டாப்பெட்டி வேறு. மற்ற எல்லாம் ஒன்று. இரண்டு உடல்களும் பூமியில் ஒரே அச்சில் வார்த்தவை. அச்சின் முத்திரைகூட அதே இடத்தில் இருந்தது. குழலையும் போல்ட்டையும் பெட்டியையும் மாற்றிப் பொருத்தினால் எந்தத் துப்பாக்கியும் எந்த அகலத்தையும் சுடும். அப்படிச் சுடுவதற்காகவே அதை வடிவமைத்திருந்தார்கள்.

பேரவையில் அவள் இதைச் சொன்னாள். கேட்டவர்கள் சங்கடத்தோடு சிரித்தார்கள். வேற்றுத் துப்பாக்கியைத் திறந்ததற்குப் பரிகாரமாக என்ன செய்யலாம் என்று மட்டும் ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார்.

அந்த வருடம் புழுதிப் புயல் ஓய்ந்தபோது கறையான்கள் மணற்குடியைச் சூழ்ந்திருந்தன. முதலில் தின்றது மதிலுக்கு வெளியே இருந்த அவர்களுடைய தோட்டா ஆலையை. துப்பாக்கிகள் இருந்தன, வீரர்கள் இருந்தார்கள், ஏழரைத் தோட்டா தீர்ந்துகொண்டிருந்தது. உதவி கேட்டு வந்த வானொலிச் செய்தியிலும், பிற அகலத் தோட்டாக்களை அனுப்பி எங்களை அவமதிக்க வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. பனிக்குடிப் பேரவை அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. கேட்காததை எப்படிக் கொடுப்பது என்று விவாதித்தார்கள்.

விவாதம் முடியும் வரை கயற்கண்ணி காத்திருக்கவில்லை. ஆயுதசாலையில் உதிரியாக இருந்த ஆறரைக் குழல்கள், போல்ட்டுகள், பெட்டிகள், தோட்டாக்கள் எல்லாவற்றையும் ஊர்தியில் ஏற்றிக்கொண்டு தனியே கிளம்பினாள். போகிற வழியில் செங்குடி ஆயுதசாலையை வானொலியில் கூப்பிட்டு, அங்கேயும் உதிரிகள் இருக்குமே என்று மட்டும் சொன்னாள்.

மணற்குடியின் மதில் தலைவர் மாசிலாமணி. ஆள் வாட்டசாட்டம். அவள் வண்டியைப் பார்த்ததும் நன்றி சொல்லவில்லை. ஆறரைத் தோட்டா ஏழரைக் குழலுக்குள் லொடலொடவென்று ஆடும், எங்கள் பிள்ளைகள் கையிலேயே வெடிக்கும், இது தெரியாமலா வந்தீர்கள் என்று கேட்டார். தன் ஆட்களைக் கடப்பாரையோடு வெளியே இறக்கப் போவதாகவும் சொன்னார். அவருக்குப் பின்னால், மதிலுக்கு அப்பால், தரை முழுவதும் நகர்ந்துகொண்டிருந்தது.

"உங்க துப்பாக்கியை ஒரு நிமிஷம் குடுங்கண்ணே," என்றாள் கயற்கண்ணி.

"இது எங்க அப்பா வச்சிருந்ததும்மா. இதுக்குள்ள ஆறரை பொருந்தாது. பொருந்தவும் கூடாது."

"பொருந்தலைன்னா நானே உங்களோட கடப்பாரை எடுத்துக்கிட்டு இறங்கறேன்."

அவர் கொடுக்கவில்லை. ஆனால் அவள் கைநீட்டி எடுத்தபோது தடுக்கவும் இல்லை. அவள் இரண்டு பின்களைத் தள்ளினாள். துப்பாக்கி இரண்டாகத் திறந்தது. பழைய குழலையும் போல்ட்டையும் எடுத்து ஒரு துணியில் மரியாதையாகச் சுற்றி அவரிடமே நீட்டினாள். ஆறரைக் குழலை வைத்துத் திருகினாள். போல்ட்டைத் தள்ளினாள். பெட்டியைச் செருகினாள். அராவ வேண்டியிருக்கவில்லை, தட்ட வேண்டியிருக்கவில்லை. கையுறை வழியாகவே அந்தக் 'க்ளக்' அவருக்கும் தெரிந்தது.

மாசிலாமணி மதிலேறிச் சுட்டார். முன்னால் வந்த கறையான் கவிழ்ந்தது. இன்னொன்றைச் சுட்டார். பிறகு திரும்பாமலேயே, தன் ஆட்களுக்கு மட்டும் கேட்கும் குரலில், எல்லாரும் போய் அந்த அம்மா முன்னால் வரிசையில் நில்லுங்கள் என்றார்.

சாயங்காலத்துக்குள் செங்குடி ஊர்தியும் வந்து சேர்ந்தது. மூன்று அகலமும் ஒரே மதிலில் நின்று சுட்டன. ஐந்தரைத் தோட்டா தீர்ந்தவன் ஆறரைக்கு மாறினான். கயற்கண்ணியின் விரல்கள் கொப்பளித்துப் போயின; வலி அவளுக்கு அப்போது உறைக்கவே இல்லை. தன் கை தொட்ட ஒவ்வொரு துப்பாக்கியும் எந்த இடத்தில் சுடுகிறது என்று சத்தத்தை வைத்தே அவளால் சொல்ல முடிந்தது. புழுதி அடங்கியபோது மணற்குடியின் குவிமாடம் ஒரு கீறலும் இல்லாமல் நின்றது. வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக அவள் எப்போதும் உணர்ந்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். மூன்று அளவுக் குழலும் போல்ட்டும் பெட்டியும் அடங்கிய 'பொதுக்கட்டு' வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தார்கள். ஒருவரின் அகலத்தைக் கேட்பதே குற்றம் என்று கூட்டுப் பேரவை சட்டம் போட்டது. மாசிலாமணி தன் மகளைச் செங்குடிக்குக் கொடுத்தார். கல்யாணத்தில் கயற்கண்ணியை மேடையில் உட்காரவைத்து, என் உடன்பிறந்தவள் என்று அறிமுகப்படுத்தினார்.

அவள் ஓய்வுபெற்றுச் சில வருடம் கழித்து, பனிக்குடியைச் சேர்ந்த இளவழுதி என்றொருவர் அவளைத் தேடி வந்தார். சட்டம் தடுப்பதால் தங்கள் அமைப்புக்கு 'நடு அளவினர் நலச் சங்கம்' என்று பெயர் வைத்திருப்பதாகச் சொன்னார். ஊர்ச் சதுக்கத்தில் அவளுக்குச் சிலை வைக்கிறார்களாம், அவளே வந்து திறக்க வேண்டுமாம். போகக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் போனாள்.

திரை விலகியது. நல்ல சிலைதான். மூக்குகூடச் சரியாக வந்திருந்தது. கையில் துப்பாக்கி. அவள் பழக்கத்தில் முதலில் அதைத்தான் பார்த்தாள். குழலும் உடலும் ஒரே வார்ப்பாக இருந்தன, கழற்ற முடியாது. பீடத்தில், 'ஆறரையர் குலத்தின் அணையா விளக்கு' என்று எழுதியிருந்தது. சிலையைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் இரும்புக் கூண்டு.

கூண்டு எதற்கு என்று கேட்டாள்.

"மணற்குடிக்காரங்க வந்து குழலை மாத்திட்டுப் போயிடக் கூடாதில்லம்மா," என்றார் இளவழுதி. "அவனுங்க எல்லாத்தையும் மறைச்சு, மதிலைக் காப்பாத்துனது மாசிலாமணிதான்னு பேச ஆரம்பிச்சுட்டானுங்க. அவருக்கும் அங்க சிலை வைக்கிறாங்க."

பொதுக்கட்டைக் கொடுத்தது எதற்காக என்று கேட்க அவள் வாய் திறந்தாள். அதற்குள் சதுக்கம் முழுவதும் அவள் பெயரைச் சொல்லி முழங்கத் தொடங்கியது. கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தோளில் பொன்னாடை விழுந்தது. தன்னை அறியாமல் அவள் முதுகு நிமிர்ந்தது. கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். ஆரவாரம் இரண்டு மடங்கானது. அது அடங்கும் வரை கும்பிட்ட கையை எடுக்காமலே நின்றாள்.

பிறகு இளவழுதியின் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

"மாசிலாமணி அண்ணன் சிலை... இதைவிட உயரமா?"