பன்னிரண்டாவது ஜன்னல்

பன்னிரண்டு ஜன்னல்கள் இருந்த சுவரில் பதினொன்றின் வழியாகத்தான் வெயில் உள்ளே விழுந்தது.

அளவுக்காரர் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். ஐம்பதைத் தாண்டிய கண். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி எண்ணினார். காலை ஒன்பது மணிக்கு வெயில் சுவரின் தெருப்பக்கம் பட்டு, ஜன்னல் கண்ணாடிகளைத் தாண்டி, பின்னால் உள்ள பள்ளத்தின் ஈர மண்ணில் கட்டம் கட்டமாக விழும். தரைத்தளத்துக்கு நான்கு, முதல் மாடிக்கு நான்கு, மேல் மாடிக்கு மூன்று. மேல் மாடியின் கோடி ஜன்னலுக்கு உரிய இடத்தில் மண் கறுப்பாகக் கிடந்தது. ஜன்னலுக்குப் பின்னால் எதுவோ வெயிலை அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். அடைப்பதற்கு அங்கே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை.

கட்டடம் போய் இருபது நாள் ஆகிவிட்டது. நூற்று முப்பது வருஷம் நின்ற வாடகை விடுதி அது. பழைய கட்டடத்தை அடியோடு இடிக்கக் கூடாது, தெருவைப் பார்த்த முகப்பை மட்டுமாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று நகரத்தில் ஒரு விதி உண்டு. அதாவது ஆளைக் கொன்றாலும் முகத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும் என்று பெரிய மனது பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். அதன்படி முப்பத்திரண்டு அறைகளையும் மாடிப்படிகளையும் இயந்திரம் தின்று தீர்த்தது. முகப்புச் சுவர் மட்டும் இரும்பு முட்டுகளைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றது. அதற்குப் பின்னால் இருபத்திரண்டு மாடி வரப்போகிறது. வேலித் தகரத்தில் அதன் படத்தை வரைந்து, 'பாரம்பரியத்தோடு வாழுங்கள்' என்று எழுதியிருந்தார்கள்.

அந்தச் சுவர் சாயாமல் பார்த்துக்கொள்வதுதான் அளவுக்காரரின் வேலை. சுவரில் விரிசல் கண்ட இடத்திலெல்லாம், விரிசலின் இரண்டு கரையையும் பிடித்தபடி, விரல் நீளக் கண்ணாடிச் சில்லு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டியிருந்தார். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் சில்லு உடைந்துவிடும். தினமும் காலையில் சாரத்தில் ஏறி, நாற்பத்தோரு சில்லுகளையும் பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டு இறங்குவார். தளத்தில் எல்லோரும் அவரைக் 'கண்ணாடி சார்' என்றார்கள். மூக்கில் ஒன்று, சுவரில் நாற்பத்தொன்று.

அன்று மேல் மாடிக்கு வந்தபோது, கோடி ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்பத்தோராவது சில்லு உடையவில்லை. பனி பூத்திருந்தது. விரலால் துடைத்தார். போகவில்லை, பனி உட்பக்கம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லக் கரைந்து, கண்ணாடி தெளிந்து, உள்ளே விரிசல் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. பிறகு மறுபடி பூத்தது. கரைந்தது. அவர் கையில் கடிகாரம் இருந்தது. நான்கு நொடிக்கு ஒரு தடவை.

ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கலாம்தான். இரண்டு எட்டு வைத்தால் போதும். அந்த இரண்டு எட்டை வைக்காமல் இறங்கிவிட்டார்.

"மண்ணுல ஈரம் சார். வெயில் ஏறினா ஆவி கிளம்பத்தானே செய்யும்?" என்றார் மேஸ்திரி. இருபது வருஷமாக இவரோடு வேலை பார்க்கிறவர். எதற்கும் அசையாத ஆள்.

"மேல் மாடி உயரத்துக்கா?"

"நீங்க ராத்திரி சரியா தூங்கறதில்ல. வீட்டுல அக்கா போன் பண்ணி என்கிட்ட புலம்பறாங்க." மேஸ்திரி தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். ஜன்னல் பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை.

மத்தியானம் வேலிக்கதவைத் தட்டிக்கொண்டு ஒரு தையல்காரர் வந்தார். மேல் மாடிக் கோடியில் முப்பத்திரண்டாம் அறை அவர் பேரில்தான் இருந்தது. காலி செய்யச் சொன்னதும் முதல் ஆளாகத் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனவர். இப்போது கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சார், தப்பு என்னோடதுதான். அறையை ஒரு நர்ஸ் பொண்ணுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தேன். வேற இடம் கிடைக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேண்ணான்னு சொல்லிச்சு. ஆஸ்பத்திரியில கேட்டா இருபது நாளா டியூட்டிக்கே வரலையாம். போன் போகல. இடிக்கிறதுக்கு முன்னாடி அது வெளிய போயிடுச்சு இல்ல?"

"அறை எல்லாம் பார்த்துட்டுத்தான் இடிச்சோம்," என்றார் அளவுக்காரர். தன் குரல் எங்கிருந்தோ வருவதுபோல் அவருக்கே கேட்டது.

"அது நைட் டியூட்டி சார். பகல்ல அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கும்."

"பார்த்துட்டோம்னு சார் சொல்றாரில்ல?" என்று மேஸ்திரி குறுக்கே வந்தார்.

தையல்காரர் சுவரை அண்ணாந்து பார்த்தார். "ஊர்ல அதுக்கு அம்மா மட்டும்தான். தினமும் எனக்குப் போன் பண்ணி அழுறாங்க. நாளைக்குப் போலீஸைக் கூட்டிட்டு வரேன். அவங்ககிட்டயும் இதையே சொல்லிடுங்க, போதும்."

அவர் போனதும் மேஸ்திரி கிட்டே வந்தார். "ரெண்டு பேரும் கையெழுத்து போட்டிருக்கோம் சார். எனக்கு இன்னும் ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. உங்க பையன் படிப்பு முடியல. கிளறாதீங்க. கல்லு மண்ணு எல்லாம் லாரியில போய் ஏரியை மூடி, அதுக்கு மேல ரோடும் போட்டாச்சு. எங்க போய்த் தேடுவீங்க?"

இடிப்பதற்கு முன் அறை அறையாகப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. மூன்று தடவை தட்ட வேண்டும். குரல் கொடுக்க வேண்டும். திறந்து, உள்ளே நின்று பார்த்து, பட்டியலில் 'காலி' என்று எழுத வேண்டும். முப்பத்தொரு அறைக்கு அளவுக்காரரும் மேஸ்திரியும் அப்படியே செய்தார்கள். முப்பத்திரண்டாவது கதவு திறக்கவில்லை. மழையில் ஊறிய மரம், நிலையோடு இறுகியிருந்தது. கீழே இயந்திரக்காரன் வண்டியைக் கிளப்பி உறுமவிட்டு, ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். வீங்கின கதவு சார், தையல்காரர்தான் போயிட்டாரே, எழுதிக்குங்க என்றார் மேஸ்திரி. எழுதினார்.

அதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால்கூட அளவுக்காரர் எப்படியோ தூங்கியிருப்பார். நினைக்கக் கூடாது என்று இருபது நாளாக அழுத்தி வைத்திருந்தது வேறொன்று. பேனாவை மூடியபோது கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில் முனகியது. யாரோ புரண்டு படுத்ததுபோல. அது அவர் காதில் விழுந்தது. விழுந்த பிறகுதான் படியிறங்கினார்.

மறுநாள் எட்டரைக்கே வந்துவிட்டார். தளத்தில் இன்னும் யாரும் இல்லை. தெருவில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன, எதிர்க்கடையில் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது, வெயில் இப்போதே சுள்ளென்று அடித்தது. இப்படிப்பட்ட பட்டப்பகலில் பயப்படுவதற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது. ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்து, பின்னால் பள்ளத்தைத் தவிர எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டால், போலீஸ் முன்னால் நிமிர்ந்து நின்று பேசலாம் என்று கணக்குப் போட்டு ஏறினார். சாரத்தின் பலகைகள் காலடியில் முனகின. முதல் மாடிவரை சிமெண்டும் துருவும் நாறின. மேல் மாடியில் வாடை மாறியது. பூட்டியே கிடந்த அறையின் வாடை. தலையணையில் ஊறிய எண்ணெய், துவைத்துக் காயப்போட்ட துணி, இலேசாக மருந்து நெடி. நாற்பத்தோராவது சில்லு பூத்தது, கரைந்தது.

இரண்டு எட்டு. கண்ணாடியில் கையைக் குவித்துப் பார்த்தார்.

பள்ளம் இல்லை.

அறை இருந்தது. இளம்பச்சைச் சுவர். ஆணியில் இஸ்திரி போட்ட வெள்ளை உடுப்பு. ஓரமாக ஒரு நீல வாளி. கட்டிலில் ஒரு பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வை ஏறி இறங்கியது. நான்கு நொடிக்கு ஒரு தடவை.

எதிர்ச்சுவரில் கதவு. அதை அவர் அந்தப் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார்.

தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தடவை.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

அவர் குரல். அவருடைய சொந்தக் குரல்.

பெண் புரண்டாள். கட்டில் முனகியது. எழுந்து உட்கார்ந்து, முடியை அள்ளிச் செருகிக்கொண்டே, "இதோ வரேன்... ஒரு நிமிஷம்," என்றாள். தூக்கத்தில் கட்டிப்போன தொண்டை. சத்தமே எழவில்லை. இயந்திரம் உறுமியது. கதவை இழுத்தாள். வரவில்லை. காலை நிலையில் ஊன்றி இழுத்தாள். கதவுக்கு அப்பால் காலடிகள் நகர்ந்தன. இரண்டு ஜோடி.

"இருக்கேன்! உள்ள இருக்கேன்! அண்ணா!"

காலடிகள் படியிறங்கின. நிதானமாக.

அளவுக்காரர் கண்ணாடியை அறைந்தார். உள்ளங்கையால். முஷ்டியால். "நில்லுங்கய்யா! ஆள் இருக்கு!" என்று அவர் கத்தியது இறங்கிப் போகிறவருக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

திரும்பினாள்.

முகத்தில் பயம் அப்படியே வடிந்துபோனது. வந்துவிட்டார்கள், ஆள் வந்துவிட்டது. அவசர அவசரமாகக் கட்டிலுக்கடியில் குனிந்து பையை இழுத்தாள். உடுப்பை ஆணியிலிருந்து எடுத்துத் திணித்தாள். செருப்பைத் தேடினாள். இரண்டு விரலைக் காட்டி, கொஞ்சம் பொறுங்க என்று சைகை செய்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு கோடு ஓடியது.

"செருப்பு வேண்டாம்மா! வா!"

கதவு போனது. சத்தமே இல்லாமல் எதிர்ச்சுவர் போனது. கட்டில் போனது. தரை, பலகை பலகையாக, அவள் குதிகால்வரை போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலிடம் வந்து, தாழ்ப்பாளை நீக்கி, கதவை உள்பக்கமாக இழுத்துத் திறந்து, கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சூடான கை. தூங்கி எழுந்தவர்களின் கை. அவளுக்குக் கீழே ஒன்றுமில்லை. பள்ளம். வெயில். ஈர மண்.

"சார்!"

தெருவிலிருந்து குரல் வந்தது. குனிந்து பார்த்தார். தையல்காரர். பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். கொஞ்சம் தள்ளி மேஸ்திரி, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி நின்றார்.

"சார், இவங்க கேக்கறாங்க," என்று தையல்காரர் கத்தினார். "அன்னிக்கு அந்த அறையில ஆள் இருந்துச்சா?"

மணிக்கட்டில் பிடி இறுகியது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவார் என்ற நிச்சயத்தில் அவள் முகம் மலர்ந்திருந்தது. அளவுக்காரர் வாயைத் திறந்தார். மனைவி நினைவுக்கு வந்தாள். மகன் நினைவுக்கு வந்தான். கூப்பிய அந்த இரண்டு கைகளைப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "யாரும் இல்ல."

அவளுக்கும் கேட்டது. பிடியை அவள் விடவில்லை. சிரிப்பும் உடனே போகவில்லை. சரியாகக் காதில் விழாதவள்போல, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்பதுபோல, முகத்தை அவர் முகத்துக்கு வெகு அருகில் கொண்டுவந்தாள். அவருடைய மூக்குக்கண்ணாடி பனி பூத்து வெள்ளையாகியது.