காத்திருப்பு: மூன்று நொடி

எல்லோரும் நலம்தானே? முட்டி வலி, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? ஆடி அமாவாசைக்கு உங்கள் வீட்டுப் பெரியவர்களும் திரையில் வந்து பேசியிருப்பார்கள். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் விசாரித்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தெய்வானைக்கு நடந்ததைக் கேள்விப்பட்ட பிறகு, தண்ணீர்க் குவளையை வாய்க்குக் கொண்டுபோகும்போது என் கை சற்று நின்றுவிடுகிறது. அதனால் உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

தெய்வானைக்குச் சேலத்துக்கு வெளியே இருக்கும் குரல்கிடங்கில் வேலை. ஒரு காலத்தில் வெள்ளைக்கல் வெட்டிய சுரங்கம் அது. உள்ளே வெயிலும் இல்லை, ஈரமும் இல்லை. அதனால் சுற்றுவட்டாரத்தில் இறந்துபோனவர்களின் பதிவு நாடாக்களை எல்லாம் அங்கேதான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாடா. அவர் உயிரோடு இருந்தபோது பேசியது, பார்த்தது, போன இடம், பட்ட கோபம் எல்லாம் அதில் இருக்கும். வீட்டுத்திரைக்கு முன்னால் உட்கார்ந்து நாம் ஒரு கேள்வி கேட்டால், சுரங்கத்துக்குள் தண்டவாளத்தில் ஒரு இயந்திரக் கை ஓடும். நாடாவை உருவி, ஓட்டி என்ற கருவியில் செருகும். ஓட்டி அதைச் சுற்றி, கேள்விக்குரிய இடத்தைத் தேடிப் பிடிக்கும். பிறகுதான் திரையில் குரல் வரும். அதற்குள் நாம் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டே வந்துவிடலாம்.

அப்போதெல்லாம் நாடாவுக்கு ஒரு குணம் இருந்தது. தன்னிடம் இல்லாததை அது சொல்லாது. "அது எனக்குத் தெரியாதுப்பா" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். சில பெரியவர்கள், "வேண்டாம்னா வேண்டாம்" என்பதோடு திரையை அணைத்துவிட்டுப் போயே போய்விடுவார்கள்.

கஷ்டமெல்லாம் ஆடி அமாவாசை அன்றைக்குத்தான். எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். ஓட்டிகளோ கொஞ்சம். போன வருஷத்துக்கு முந்தின வருஷ அமாவாசையில், படையல் ஆறிப்போய், விரதம் இருந்த பெரியவர்கள் திரைக்கு முன்னாலேயே மயங்கி விழுந்தார்கள். கிடங்கு அலுவலகத்தின் கண்ணாடியை யாரோ கல்லால் அடித்து உடைத்தார்கள். மறு வருஷம் அமாவாசை நெருங்கியபோது மேலதிகாரி ரத்தினவேல் தெய்வானையைக் கூப்பிட்டார்.

"வீட்டுத்திரையோட காத்திருப்பக் கொறைச்சுரு, தெய்வானை."

"கொறைச்சா, நாடா வந்து சேர்றதுக்குள்ள திரை கைவிட்டுருமுங்க சார்."

"விடட்டும். அதுக்குத்தான் இட்டுநிரப்பி இருக்குதுல்ல? நீ செஞ்சதுதான?"

இட்டுநிரப்பியைச் செய்தது அவள்தான். நாடா வரும்வரை ஆள் எழுந்து போய்விடாமல் இருக்க ஒரு சின்ன ஏற்பாடு அது. இறந்தவரின் குரலில், "இரு கண்ணு, வந்துட்டே இருக்கறேன்" என்று சொல்லும். சாப்பிட்டாயா என்று கேட்கும். எதிரில் இருப்பவர் முகம் வாடினால் பேச்சை மாற்றும், முகம் மலர்ந்தால் அதையே இன்னும் கொஞ்சம் பேசும். அதற்குத் தெரிந்த ஒரே விதி, ஆளை விட்டுவிடாதே என்பது.

தெய்வானை தலைமைத் திரையில் அமைப்பைத் திறந்தாள். ஓட்டிகளின் எண்ணிக்கை, வரிசையின் நீளம், குரலின் அளவு என்று ஒவ்வொன்றாகக் கடந்து வந்தாள். 'வீட்டுத்திரை, காத்திருப்பு: ஒரு மணி நேரம்' என்று இருந்த இடத்தில் 'மூன்று நொடி' என்று எழுதிச் சேமித்தாள். மூன்று நொடிக்குள் நாடா வராவிட்டால், இனி இட்டுநிரப்பியே பதில் சொல்லிவிடும்.

"ஒரு நாளைக்கு மட்டுந்தானுங்க சார்."

"பின்ன? ஒரு நாளைக்குத்தான்."

அந்த அமாவாசை அன்று ஒரு புகாரும் வரவில்லை. மறுநாள் காலை அமைப்பைப் பழையபடி மாற்றப் போனவளை ரத்தினவேல் தடுத்துவிட்டார். "சனங்க சந்தோசமா இருக்கறாங்க. எதுக்கு அதுல கைய வெக்கற?" அவளும் விட்டுவிட்டாள்.

காத்திருக்க வேண்டியதில்லை என்றதும் வருஷத்துக்கு ஒருமுறை பேசியவர்கள் தினமும் பேச ஆரம்பித்தார்கள். பால் கறக்கும்போது பேசினார்கள், பேருந்துக்குக் கிளம்பும்போது பேசினார்கள். மற்றத் துறைகளும் அந்த அமைப்பை இட்டுநிரப்பியோடு சேர்த்து நகல் கேட்டு வாங்கிக்கொண்டன. பத்திரப்பதிவு, ரேஷன், குடிநீர் ஆய்வகம் என்று எல்லா இடத்திலும் அதே மூன்று நொடி. மக்களை நிற்க வைக்காத நிர்வாகம் என்று பாராட்டு விழா நடந்தது. தெய்வானைக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

தை மாதத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் கிடங்கு அலுவலகத்துக்கு வந்தார்கள். ஒரே வண்டியில் வந்து இறங்கி, இறங்கியதும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"வீடு எனக்குத்தான்னு எங்கப்பா சொல்லிட்டாருங்க மேடம்" என்றான் அண்ணன்.

"எங்கிட்டயும் அதேதானுங்க சொன்னாரு. அண்ணங்கிட்டச் சொல்லாதேன்னு வேற சொன்னாரு" என்றான் தம்பி.

"உசுரோட இருந்தப்ப ஒரு டீக்குக் கேட்டாக்கூட 'போடா அந்தப் பக்கம்'பாரு. செத்ததுக்கு அப்பறம் அவருக்கு எங்கிருந்துங்க இவ்வளவு நல்ல மனசு வந்துச்சு?" என்றான் அண்ணன்.

அலுவலகமே சிரித்தது. தெய்வானையும் சிரித்துவிட்டு, கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவைத்தாள். அந்தச் சிரிப்பைப் பிறகு அவளால் மறக்க முடியவில்லை.

இந்த வருஷம் மழை இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் ஊத்துக்காட்டுப்பாளையத்தில் இருக்கும் அவள் அண்ணன் பழனியப்பன் ஊருக்கே பொதுவாக ஆழ்துளைக் கிணறாக ஒரு போர் போட முயன்றுகொண்டிருந்தார். ஆடி அமாவாசை கழிந்த வாரம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"அம்மிணி, தண்ணி வந்துருச்சு. கண்ணாடியாட்ட இருக்குது. ஊரே குடத்தத் தூக்கிட்டு நிக்குது."

"எங்கண்ணா போட்டீங்க?"

"பெரிய மேட்டுல. அப்பாகிட்டக் கேட்டேன். 'போடு சாமி, நல்லா வரும்'னாரு."

தெய்வானை இருக்கையிலிருந்து எழுந்தாள். "கேட்டு எவ்வளவு நேரத்துல சொன்னாரு?"

"நேரமென்ன நேரம். நான் கேட்டு வாய மூடறதுக்குள்ள சொல்லிட்டாரு."

அவர்களுடைய அப்பா மாரப்பன் போர் வண்டி வைத்திருந்தவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவருடைய வண்டி இறங்காத காடு கிடையாது. தெய்வானை சிறுமியாக இருந்தபோது அங்கே ஒரு சாயப்பட்டறை இருந்தது. தண்ணீர் வராத ஒரு பழைய போருக்குள் கழிவை எல்லாம் இறக்கி, வாயை மூடி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். அது எந்த இடம் என்று அப்பாவுக்குத் தெரியும். ஒருநாள் சாப்பிடும்போது தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அந்த எடத்துல மட்டும் எவனும் தொளை போட்டுராதீங்க" என்றார். கை எடுத்தது அவளுக்கு நினைவிருந்தது. எந்த இடம் என்பது நினைவில்லை.

"அண்ணா, அன்னைக்கு நீங்களும் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க. எந்த எடம்னு சொன்னாரு?"

"அதெல்லாம் எவனுக்கு ஞாபகம் அம்மிணி? நாடாவுல இருக்குதுன்னுதான அப்பாகிட்டயே கேட்டேன்."

"நான் சொல்றவரைக்கும் ஆரையும் குடிக்க விடாதீங்க."

"நல்லா சொன்ன போ. ஊரு தாகத்துல செத்துட்டு இருக்குது."

ஒரு வருஷமாக எட்டிப் பார்க்காத சுரங்கத்துக்குள் தெய்வானை போனாள். நீண்ட தண்டவாளத்தின் கோடியில் எல்லாக் கைகளும் மடங்கி நின்றிருந்தன. முன்பெல்லாம் பகல் முழுக்கக் கிடங்கு ஓட்டிகளின் இரைச்சலோடுதான் இருக்கும். அன்றைக்கு அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஓட்டிகளின் கணக்கைத் திரையில் வரவழைத்துப் பார்த்தாள். ஒரு வருஷத்தில் படிப்பதற்காக ஏற்றிய நாடா ஒன்றுகூட இல்லை. எழுதுவதற்காக ஏற்றியது, அநேகமாக எல்லா நாடாவும்.

அவள் தொடாமல் விட்ட இரண்டு அமைப்புகள் அப்போதுதான் அவளுக்கு உறைத்தன. ஒன்று, திரையில் ஏதோ ஒரு பதில் போய்விட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கு. பிறகு எந்தக் கையும் நாடாவைத் தேடிப் போகாது. மற்றொன்று, அன்றாடம் திரையில் பேசிய பேச்சு, அது இட்டுநிரப்பி பேசியதானாலும், அன்று ராத்திரியே அவரவர் நாடாவில் அவரவர் சொன்னதாகவே ஏறிவிடும். போன தடவை பேசியது பெரியவர்களுக்கு நினைவிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வைத்த ஏற்பாடு அது. நாடா நிறைந்துவிட்டால், பழையதின் மேலேயே எழுதும்.

அவள் தன் மேசைத்திரையின் காத்திருப்பை மட்டும் வரம்பில்லாமல் ஆக்கி, அப்பாவின் நாடாவைக் கேட்டாள். ஒரு கை முனகிக்கொண்டு நிமிர்ந்தது. தண்டவாளத்தில் போய், திரும்பி வந்தது. ஓட்டி சுற்றத் தொடங்கியது. வெகுநேரம் கழித்து முதலில் ஒரு இருமல் கேட்டது.

"ஆரு, தெய்வானையா?"

அந்த இருமல் இட்டுநிரப்பிக்குத் தெரியாது. அவளுக்குக் கண் நிறைந்தது.

"அப்பா, சாயப்பட்டறைக்காரன் கழிவ எறக்குன போரு எங்கப்பா இருக்குது?"

ஓட்டி பின்னோக்கிச் சுற்றியது. இன்னும் பின்னோக்கி. நின்றது.

"அதத்தான் அன்னைக்கே சொன்னனே கண்ணு. ஞாபகம் வெச்சுக்க, அது வந்து…" மறுபடி இருமல். அதன் பிறகு குரல் தெளிந்து, இனிப்பாக வந்தது. "சாப்ட்டியா கண்ணு? உடம்பெல்லாம் எப்படி இருக்குது?"

திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் ஓட்டி அதே இடத்தில் போய் நின்றது. அதே இருமல், அதே விசாரிப்பு. கடைசியில் நேராகவே கேட்டாள். "பெரிய மேட்டுல போடலாமாப்பா?"

"போடு சாமி, நல்லா வரும்" என்றார் அப்பா.

அவள் ரத்தினவேலின் அறைக்கு ஓடினாள். நடந்ததை அவர் முழுக்கக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். முகம் வெளுத்துத்தான் போனது.

"காத்திருப்பப் பழையபடி ஏத்திரலாமுங்க சார். இன்னைக்கே."

"ஏத்தி? நாடாவுல என்ன மிச்சம் இருக்குது?"

"இன்னும் அழியாதது கொஞ்சமாவது இருக்கும். அதையாவது காப்பாத்தலாம்."

ரத்தினவேல் யோசித்தார். பிறகு மேசைத்திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கிடங்கை முதன்முதலில் அமைத்த பரமேசுவரன் ஐயா இறந்து பல வருஷமாகிறது. எந்த முடிவானாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது ரத்தினவேலின் வழக்கம்.

"ஐயா, இந்தக் காத்திருப்ப மாத்தலாமுங்களா? எனக்கு என்னமோ பயமா இருக்குது."

"எதுக்குப்பா மாத்தற? நல்லாத்தான போயிட்டிருக்குது. நீ சாப்ட்டியா?"

ரத்தினவேலின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "பாத்தியா, ஐயாவே சொல்லிட்டாரு" என்றார்.

தெய்வானை அங்கிருந்தே ஊருக்குப் பேருந்து ஏறினாள். பெரிய மேட்டில் குழாயிலிருந்து தண்ணீர் தடிமனாக விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அதற்கடியில் தலையை நீட்டிக் குளித்தார்கள். அண்ணி ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். தெய்வானை வாங்கிக் கீழே வைத்தாள். பக்கத்தில் கட்டியிருந்த வெள்ளாடு சொம்பை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கயிறு இழுக்கும் தூரம்வரை தள்ளிப் போய் நின்றது.

"காலைலிருந்து அப்படித்தான் பண்ணுது" என்றாள் அண்ணி. "திமிரு."

தெய்வானை ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு குடிநீர் ஆய்வகத்துக்குப் போனாள். நுழைந்ததும் அங்கிருந்த திரையில் ஊர்ப் பெயரையும் போர் இருக்கும் இடத்தையும் பதிந்தாள். பாட்டிலை எடுக்கப் பைக்குள் கையை விட்டாள். அதற்குள் திரை பச்சையாக மாறியது. 'குடிக்கத் தகுந்தது.'

"அதான் வந்துருச்சுங்களே" என்றாள் அங்கே உட்கார்ந்திருந்த பெண்.

"தண்ணி இன்னும் என் பையிலதாங்க இருக்குது."

"அப்படிங்களா?" அந்தப் பெண் திரையை எட்டிப் பார்த்தாள். "முன்னாடியெல்லாம் நாலஞ்சு நாளு இழுப்பாங்க. இப்பப் பரவால்லீங்க."

"சோதிக்கறவங்களக் கூப்பிடுங்க. நான் இங்கயே இருக்கறேன்."

"அவங்களுக்கு இங்க என்னங்க வேலை? எல்லாரையும் போன மாசமே வேற ஆபீசுக்கு மாத்திட்டாங்க."

திரையின் அடியில், சின்ன எழுத்தில், அந்த அமைப்பை எழுதியவரின் பெயர் இருந்தது. தெய்வானை அதைப் படித்துவிட்டு வெளியே வந்தாள்.

பெரிய மேட்டுக்கே திரும்பிப் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்பா நல்லதுங்கறாரு. கவர்மெண்டு நல்லதுங்குது. ஊருல ஆளாளுக்கு அவங்கவங்க அப்பாரு, ஆத்தாகிட்டயும் கேட்டுட்டாங்க, எல்லாரும் குடிக்கலாம்னுதான் சொல்றாங்க. ஆடு ஒண்ணுதான் வேண்டாங்குது. ஆட்டுப் பேச்சக் கேக்கச் சொல்றியா அம்மிணி?"

சொல்லிவிட்டு, கீழே இருந்த சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தார்.

அந்தப் பாட்டில் இன்னும் தெய்வானையிடம் இருக்கிறது. சோதிக்கத் தெரிந்த ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கூடவே அழியாத நாடா ஒன்றையும் தேடுகிறாள். அதற்குத்தான் உங்களிடம் வந்தேன். உங்கள் வீட்டுத் திரையில் இந்த ஒரு வருஷத்தில் எந்தப் பெரியவராவது 'வேண்டாம்' என்றாரா? 'எனக்குத் தெரியாது' என்றாரா? என்ன கேட்டபோது சொன்னார், எந்த ஊர், அவர் பெயர் என்ன, எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். திரைவழி மட்டும் வேண்டாம். போன மாதம் அப்படிக் கேட்டுப் பார்த்தேன். நான் கேட்டு முடிப்பதற்குள் ஆயிரக்கணக்கில் பதில்கள் வந்து விழுந்தன. எல்லாரும் சௌக்கியம் என்றார்கள். நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்கள்.

தாளில், உங்கள் கையால் எழுதுங்கள். தாமதமானால் பரவாயில்லை. நான் காத்திருக்கிறேன்.