கத்திரி வெயிலில் பின்னியது

"உம்மா, குளிர்னா வலிக்குமா?"

இஃபாத் இதைக் கேட்டபோது பகல் பன்னிரண்டரை மணி. கத்திரி தொடங்கி ஆறாவது நாள். கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கடற்காற்று இன்னும் எழும்பவில்லை. காரைக்கால் தருமபுரத்தின் தெருக்களில் நாய்கூட நடமாடாத அந்த வேளையில், சுவர்கள் உள்வாங்கி வைத்திருந்த சூட்டைத் திருப்பித் தந்துகொண்டிருக்க, ஷஃபீனா முந்தானையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போயிருந்தாள்.

நான்கு வயதுக் குழந்தை. நாகூரைத் தாண்டி எங்கும் போனதில்லை. குச்சி ஐஸைத் தவிர வேறு குளிர் அவளுக்குத் தெரியாது.

"யாரு கண்ணு சொன்னா, வலிக்கும்னு?"

"வலிக்குது. எலும்புல வலிக்குது."

விளையாட்டாகக் குழந்தையின் கையைப் பிடித்த ஷஃபீனா, பிடித்த வேகத்தில் விட்டுவிட்டாள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த எவர்சில்வர் டம்ளரைத் தொட்டதுபோல இருந்தது. பானைத் தண்ணீரில் கைவிட்டு விளையாடியிருப்பாள் என்று நினைத்துப் புரட்டிப் பார்த்தாள். கை உலர்ந்திருந்தது. இரண்டு மணிக்கட்டுகளிலும் மஞ்சளாக ஒரு வளையம். நூல் சுற்றிய தடம்.

அந்தத் தடம் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அது விழுந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

பிரான்சிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் கம்பளி உடைகளுக்குக் காரைக்காலில் வேலை கிடையாது. பீரோவின் அடித்தட்டில் பூச்சி உருண்டைகளோடு கிடந்து, வீட்டை விற்கிற அன்றைக்குத்தான் வெளியே வரும். அப்படி வருகிற ஸ்வெட்டர்களை ஷஃபீனா கேட்டு வாங்கிப் பிரிப்பாள். நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் வரிசை வரிசையாகச் சுருள் சுருளாக நூல் வரும். அதை அலசிக் காயவைத்து, இஃபாத் மதியம் தூங்கும் நேரத்தில் பச்சைக் குழந்தைகளுக்குக் குல்லாயும் காலுறையும் பின்னுவாள். விற்பதில்லை. பிள்ளை பிறந்த வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பாள். கையால் ஒன்று செய்து கொடுப்பது அந்தப் பிள்ளைக்காக அல்லாவிடம் கேட்கிற துஆ என்பது அவள் நம்பிக்கை.

அடுத்த வீட்டு ழுலியேத் பாரீசிலிருந்து வந்து வீட்டை விற்று முடித்த அன்று, ஒரு பெரிய பை நிறைய ஸ்வெட்டர்களைக் கொடுத்தாள். மேலாக, வெளிர் மஞ்சள் நிறத்தில், மூன்று வயதுக் குழந்தை போடக்கூடிய ஒன்று தனியாக இருந்தது. அதற்கு வலது கை இல்லை.

"மத்த எல்லாத்தையும் பிரிச்சுக்குங்கம்மா. இதை மட்டும் பிரிச்சுடாதீங்க. என் பையன் யோஹானுக்குப் போட்டது. ஒரு கை பாக்கி. எனக்கு இப்ப விரல் மடங்கமாட்டேங்குது. நீங்க போட்டு வச்சீங்கன்னா டிசம்பர்ல வந்து வாங்கிக்கிறேன். கல்லறைக்குக் கொண்டுபோகணும்."

"கட்டாயம் போட்டுத் தர்றேன்க்கா. இது அமானிதம்."

அமானிதம் என்றால், நம்பி ஒப்படைத்த பொருள். அந்தச் சொல்லை அவள்தான் சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அதைப் பிரித்தாள்.

தங்கச்சி சுஹைனாவின் குழந்தைக்கு நாற்பதாம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பையில் இருந்ததெல்லாம் கறுப்பு, கருநீலம், சாம்பல். பச்சைக் குழந்தைக்குக் கறுப்புக் குல்லாயா? டிசம்பருக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, இதே நிறத்தில் நூல் வாங்கிப் புதிதாகவே பின்னிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள். கழுத்தில் நுனி கிடைத்தது. இழுத்தாள். இஃபாத்தை எதிரே உட்காரவைத்து இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, வந்த நூலையெல்லாம் அந்தச் சின்ன மணிக்கட்டுகளில் சுற்றினாள். குழந்தை சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டிருந்தது. நூல் முழுவதும் வந்து முடிந்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் பக்கத்துத் தரையைப் பார்த்தது. அப்போது ஷஃபீனா அதைக் கவனிக்கவில்லை. அந்த வாரமே குல்லாயும் காலுறையும் பின்னி, நாற்பதாம் நாளுக்குச் சுஹைனாவிடம் கொடுத்தாள்.

குளிர் வலிக்கிறது என்று இஃபாத் சொன்னதற்கு மறுநாள் மதியம் ஷஃபீனா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, அறைக்குள்ளிருந்து தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. நூல் கோக்காமல், துணி வைக்காமல் வெறுமனே மிதித்தால் வருமே, அந்தக் கடகடப்பு. இஃபாத் எழுந்துவிட்டாள், மிதியில் கால் வைத்து விளையாடுகிறாள் என்று நினைத்து, கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தாள். மிஷின் மூடியபடி இருந்தது. இஃபாத் கட்டிலில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கடகடப்பு நிற்கவில்லை. அது கட்டிலுக்குக் கீழேயிருந்து வந்தது. சிறியது. ஈரமானது. பல்லும் பல்லும் மோதும் சத்தம்.

அவள் குனியவில்லை. குழந்தையை அள்ளிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

இஃபாத் கண்ணைத் திறந்தாள். வலது கையைக் கவுனின் கைக்குள்ளிருந்து உள்ளே இழுத்து நெஞ்சோடு வைத்திருந்தாள். கவுனின் கை வெறுமனே தொங்கியது.

"கையை வெளியே விடு கண்ணு."

"இந்தக் கைக்கு இன்னும் வரல."

"என்ன வரல?"

குழந்தையின் உதடுகள் நாவல்பழம் தின்றதுபோல இருந்தன.

அன்று மாலை கத்தாரிலிருந்து அவள் கணவன் ஆபித் பேசினான். "மே மாசத்துல குளிருதா? இங்க அனுப்பி வை, அரை மணியில வறுத்து எடுத்துடலாம். ஏசியைக் குறைச்சு வை புள்ள."

"நம்ம வீட்டுல ஏசி எங்க இருக்கு?"

அவன் சிரித்தான். பிறகு அவள் குரலைக் கேட்டு நிறுத்தினான். "டாக்டர்கிட்ட காட்டு. நாளைக்கே காட்டு."

டாக்டர் வைத்த தெர்மாமீட்டரில், முப்பத்தேழு டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்திநான்கு என்று வந்தது. அவர் வேறொன்றை எடுத்து வைத்தார். அதிலும் முப்பத்திநான்கு. ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. "சூடா வச்சிருங்க. நாளைக்கும் இப்படியே இருந்தா புதுச்சேரிக்கு எழுதித் தர்றேன்" என்றார். வெளியே தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. போர்வை சுற்றிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வந்தாள். தோள் மரத்துப்போயிருந்தது.

வந்தவுடன் சுஹைனாவின் போன்.

"லாத்தா, நீ போட்ட குல்லாயில என்ன தைலம் கிய்லம் தடவினியா? போட்டா பச்சப்புள்ள நெத்தி சில்லுன்னு ஆயிடுது. ராத்திரியெல்லாம் அழுகை."

"கழட்டு. உடனே கழட்டிடு. நான் வந்து வாங்கிக்கிறேன். காலுறையையும்."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்குற முத ஆளு நீதான். நான் வேணா நீ போட்ட வளையலையும் கழட்டித் தந்துடவா?"

"சுஹைனா, அல்லாவுக்காகக் கழட்டு."

தங்கச்சியின் கேலி அங்கேயே நின்றது.

குழந்தையின் தலைமாட்டில் காவல் கேட்டு ஓதும் ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதி ஊதினாள். ஊதிய மூச்சு புகையாக வெளியே வந்தது. எதிரே பீரோக் கண்ணாடியில், அவள் இடுப்பு உயரத்தில், வட்டமாக ஆவி படிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது. யாரோ கண்ணாடியில் வாயை ஒட்டிவைத்து மூச்சு விடுகிறார்கள். யாரும் அங்கே இல்லை.

அவள் ழுலியேத்துக்குப் போன் செய்தாள்.

"அக்கா, உங்க பையன்... எப்படிக்கா?"

அந்தக் குரல், கேட்டதற்காக நன்றி சொல்வதுபோல, மெதுவாக வந்தது. "அவங்க அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தாரு. நாங்க பிரான்சுக்குப் போறதுக்கு டிக்கெட் வந்துடுச்சு. அங்க பயங்கரமா குளிரும், ஸ்வெட்டர் இல்லேன்னா வெறைச்சுப் போயிடுவேன்னு நான்தான் சும்மா பயமுறுத்தி வச்சிருந்தேன், சாப்பிட வைக்கிறதுக்கு. தினம் வந்து கை முடிஞ்சுதாம்மான்னு கேப்பான். குளிர்சுரம் வந்துச்சு. மூணே நாள். நடுங்கிக்கிட்டே கிடந்தான். இந்தக் கையையும் போடும்மா, இந்தக் கையையும் போடும்மான்னு. நான் பின்னுறதா, அவனைப் பிடிச்சுக்கிறதா?"

ஷஃபீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆரம்பிச்சுட்டீங்களாம்மா?"

சொல்லிவிட வேண்டும். பிரித்துவிட்டேன் அக்கா என்று ஒரே வாக்கியம்.

"போட்டுக்கிட்டிருக்கேங்கக்கா."

போனை வைத்ததும் தையல் கூடையை எடுத்தாள். ஓதினால் விலகிப்போகிற ஒன்றா இது? அவன் எந்தத் தீங்கும் செய்யவில்லை. தன் சட்டையைக் காணாமல், அது போன வழியிலேயே தேடி வந்திருக்கிறான். கொடுக்க வேண்டியவள் அவள்தான்.

சுஹைனாவிடமிருந்து வாங்கி வந்த குல்லாயையும் காலுறைகளையும் பிரித்தாள். மிச்சமிருந்த உருண்டைகளோடு முடிச்சுப் போட்டாள். முன்பக்கம், பின்பக்கம், இடது கை. சோறு வைக்கிற நேரமும் தொழுகிற நேரமும் போக மற்ற நேரமெல்லாம் பின்னினாள். இஃபாத் அவள் தொடையில் சாய்ந்தபடி கிடந்தாள். முதல் நாள் தண்ணீர் கேட்டாள். இரண்டாம் நாள் கேட்கவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து, காரணம் புரியாமல் கைவிரித்து, வெந்நீர்ப் பைகளோடு திருப்பி அனுப்பினார்கள். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் அவள் ஊசிகள் ஓடிக்கொண்டே இருந்தன. பக்கத்து இருக்கைக்காரப் பெண் ஜன்னலை மூடச் சொன்னாள். குளிர்கிறதாம்.

ஊசி ஓடும்போது கடகடப்பு நின்றுவிடும். அவள் கையை எடுத்தால் தொடங்கும். இப்போது கட்டிலுக்குக் கீழே இல்லை. முதுகுக்குப் பின்னால்.

வெள்ளிக்கிழமை பகல். ஜும்ஆ தொழுகைக்கு ஆண்களெல்லாம் போய்விட்டிருந்தார்கள். தெரு வெறிச்சோடியிருந்தது. இடது கையைத் தைத்து முடித்தாள். மஞ்சள் நூல் தீர்ந்தது.

தீரத்தான் செய்யும். அந்த நூலில் வலது கை என்றைக்கும் இருந்ததில்லை.

கடகடப்பு காதுக்குப் பக்கத்தில் வந்தது. இஃபாத்தின் மார்பு ஏறி இறங்குவது தெரியவில்லை. மூக்கருகே விரலை வைத்தாள். மிக மெல்லிய காற்று. அதுவும் குளிர்.

பீரோவைத் திறந்தாள். இஃபாத் வயிற்றில் இருந்தபோது பின்னிய சிவப்புப் போர்வை, ஆஸ்பத்திரியிலிருந்து அவளைச் சுற்றி எடுத்துவந்தது, மேல்தட்டில் மடித்திருந்தது. பேரப்பிள்ளை வரை வைத்திருக்க நினைத்தது. கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி இழுத்தாள்.

சிவப்பில் வலது கை.

வரிசைக்கு வரிசை குறைத்து. மணிக்கட்டுக்கு இறுக்கி. விரல் நுனிகள் மரத்து, ஊசி எங்கே குத்துகிறது என்று தெரியாமல். கடைசித் தையல். முடிச்சு. நூலைப் பல்லால் கடித்தாள்.

கடகடப்பு நின்றது.

வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. கடிகாரம்கூட.

ஸ்வெட்டரைப் பாயில் விரித்தாள். கதவைப் பார்த்தாள். ஓடலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். ஆனால் குளிரில் நடுங்குகிற குழந்தைக்குச் சட்டையைத் தரையில் வீசிவிட்டா போவார்கள்? தானாகப் போட்டுக்கொள்ளத் தெரியாத வயது. மூன்று வயது.

மண்டியிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்வெட்டரின் கீழ் விளிம்பை இரண்டு கைகளாலும் சுருட்டி, தினமும் இஃபாத்துக்குச் செய்வதுபோல, காற்றில் உயர்த்திப் பிடித்தாள்.

"பிஸ்மில்லாஹ். தலையை விடு கண்ணு."

கனத்தது.

"இந்தக் கை."

மஞ்சள் கை நிறைந்தது.

"அந்தக் கை."

நேரம் ஆனது. சிவப்புக் கைக்குள் எதுவோ தடுமாறியது. துவாரம் தெரியாமல் முட்டியது. அவள் தன் விரல்களை மணிக்கட்டு வழியாக உள்ளே விட்டாள். உள்ளேயிருந்து ஐந்து சின்ன விரல்கள் அவள் விரலைப் பற்றின. மெல்ல இழுத்து வெளியே கொண்டுவந்தாள். கீழ்ப்பக்கம் சுருண்டிருந்ததை இழுத்துச் சரிசெய்தாள். முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

"அவ்வளவுதான். முடிஞ்சுது. இனி குளிராது."

பின்னால் பாயில் இஃபாத் பெருமூச்சு விட்டாள். புரண்டாள். "உஸ்... வேர்க்குது" என்று முனகிப் போர்வையை உதைத்தாள். கரண்ட் வந்து ஃபேன் சுழலத் தொடங்கியது. ஜன்னல் வழியே மீன் வாடையோடு முதல் கடற்காற்று வந்தது.

ஷஃபீனா அழுதாள். அல்ஹம்துலில்லாஹ் என்றாள். எழுந்து மகளிடம் போகக் கண்ணைத் திறந்தாள்.

எழ முடியவில்லை.

மஞ்சள் கையும் சிவப்புக் கையும் அவள் இடுப்பைச் சுற்றியிருந்தன. இரண்டிலும் சதை நிறைந்த இறுக்கம். இரண்டின் முனையிலும் எதுவும் இல்லை. அவள் மடியில் உட்கார்ந்திருந்த ஸ்வெட்டர் மூச்சு வாங்கி விரிந்தது. பிறகு, உடுத்திவிட்டவளின் முகத்தைப் பார்க்கத் திரும்பும் குழந்தையைப் போல, அதன் காலியான கழுத்து மெதுவாக, மிக மெதுவாக, மேலே நிமிர்ந்தது.