பெயர் சொல்லாமல் கூப்பிட்டது

பெட்டியைத் திறந்ததும் மரத்தூள் வாசனைதான் முதலில் வந்தது. உள்ளே கல் துர்க்கை படுத்திருந்தாள், கணுக்காலுக்கு மேலே முழு உடலுமாக. கடல் தாண்டிய ஊர் அருங்காட்சியகத்திலிருந்து நொம்பென் நகரத்துக் கல் பட்டறைக்கு வந்தவள். பாதங்கள் மட்டும் இத்தனை காலமும் இந்த மண்ணிலேயே, தாக்கேவ் ஊர்ப் பக்கத்துக் குன்றில் பீடத்தோடு நின்றிருந்தன; இப்போது அவையும் பட்டறைக்கு வந்துவிட்டன. இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒட்டுவதாகப் பேச்சு. ஒட்டு நிற்காவிட்டால் உடல் திரும்பக் கடல் ஏறிவிடும்.

பட்டறையில் வேலை பார்க்கும் சந்தூவுக்கு அந்தக் குன்று தெரியும். கறுப்புச் சட்டைப் படை துப்பாக்கி முனையில் நாட்டை ஆண்ட காலத்தில் அதன் அடிவாரத்தில் வாய்க்கால் வெட்டியவள். ஒரு நாள் பெரியவர்களை லாரியில் ஏற்றினார்கள். மகளை அந்தக் கல் பாதங்களுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, "இங்கேயே இரு கண்ணு, அம்மா வந்துடறேன்" என்றாள். வர விடவில்லை. அவள் திரும்பியபோது பாதங்கள் மட்டும் இருந்தன. அன்றிலிருந்து மகளின் பெயரை அவள் வாய் எடுத்ததில்லை.

"அக்கா, கப்பல்ல குலுங்கி வந்திருக்கா. பயந்திருப்பா. உயிரைக் கூப்பிட்டு உக்கார வைங்க" என்றான் கல் வேலைக்கார வுத்தி.

"நீயே கூப்பிடேன்."

"என் குரலுக்கு என் பொண்டாட்டியே வர மாட்டா."

ஆளுக்குப் பத்தொன்பது உயிர் என்பது அங்கே நம்பிக்கை. மிரண்டால் ஒன்றிரண்டு இறங்கிப் போய்விடும். சோறும் பழமும் வைத்துக் கூப்பிட வேண்டும். சந்தூ சோற்றுக் கிண்ணத்தை நீட்டினாள்.

"வா... காட்டுல நிக்காதே, தண்ணியில நிக்காதே. சோறு சூடா இருக்கு. வாடி என் மகளே, வீட்டுக்கு வா."

வுத்தியின் சிரிப்பு நின்றது. "அக்கா. பேர் சொல்லாம கூப்பிட்டுட்டீங்களே. எந்த உயிர் வேணா வந்துடுமே."

வெளியே மழை பிடித்தது. மின்சாரம் போயிற்று.

எங்கிருந்தோ வாய்க்கால் சேற்றின் வாசனை.

கடல் தாண்டி உடலோடு வந்த நிபுணர் எலிஸ், அது தொங்கும் கப்பிச் சங்கிலியைக் கையாலேயே மெல்ல இறக்கச் சொன்னாள். உடல் பாதங்களை நோக்கி இறங்கியது. மயிரிழை இடைவெளியில் நின்றுவிட்டது. தூக்கி, துடைத்து, மறுபடி இறக்கினார்கள். மறுபடியும் அதே இடைவெளி.

"நடுவில் ஏதோ" என்றாள் எலிஸ், கற்ற அரைகுறைப் பேச்சில்.

எதுவும் இல்லை.

சந்தூ மண்டியிட்டுப் பார்த்தாள். பாதங்களுக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

தரையில் ஈரக் காலடி.

சின்னது.

"யாரைக் கூப்பிட்டீங்க?" வுத்தி கிசுகிசுத்தான்.

"மாலிஸ்" என்றாள் சந்தூ, மகளின் பெயரை. சொன்னதும் மல்லிகை மொட்டு போலச் சில்லென்ற விரல்கள் அவள் கைலியின் ஓரத்தைப் பற்றின.

"போகச் சொல்லுங்க அக்கா. பாவம், கல்லுக்கு நடுவுல நிக்குது."

சங்கிலி முனகியது. அவள் 'போ' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பெற்ற வாய்க்கு அந்தச் சொல் வரவில்லை. பழைய சொல்தான் வந்தது.

"இங்கேயே இரு கண்ணு. அம்மா வந்துடறேன்."

பிடி விட்டது; ஈரக் காலடி பாதங்களுக்குப் பின்னால் ஒதுங்கியது. சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை அது, அன்றும் இன்றும்.

கல்லும் கல்லும் இடைவெளியில்லாமல் பொருந்தின. எலிஸ் சந்தோஷத்தில் அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டு சந்தூவும் அழுதாள். ஏனென்று எலிஸுக்குத் தெரியாது.

இப்போது துர்க்கை நொம்பென் காட்சிக் கூடத்தில் முழுதாக நிற்கிறாள். பீடத்துக்குப் பின்னால் இரண்டு சின்ன ஈரச் சுவடுகள். துடைத்தாலும் வரும். சித்திரை வெயிலிலும் காயாது.

சந்தூ தினமும் சோற்றோடு போகிறாள். "அம்மா வந்துட்டேன்டி" என்கிறாள்.

நரைத்த கிழவி யாரென்று அதற்குத் தெரியவில்லையோ என்னவோ. சுவடுகள் அவள் பக்கம் திரும்புவதே இல்லை.

வாசலைப் பார்த்தபடியே நிற்கின்றன.