இரும்பு அலமாரிக்குள் அட்ரினலின்

நெஞ்சில் நீதி உள்ளோரே, வாருங்கள். மலாவி நாட்டுச் சிற்றூர் மருந்தகத்தில் பட்டப்பகலில் நடந்த கொடுமைக்குச் சாட்சியாய் நில்லுங்கள்.

தேனீக்கள் கொட்டிய நான்கு வயது மகள் தியாமிகேயை ஏந்தித் தாய் நசிபேகோ உள்ளே நுழைந்தபோது, செவிலி தமண்டாவின் காதுக்கு எட்டியது அழுகை அன்று. கதவிடுக்கில் காற்று நுழைவதைப் போன்ற, வியர்வையும் மண்ணெண்ணெயும் மணக்கும் அந்த அறையில் மெல்ல மெல்ல மெலிந்துகொண்டே போன ஒரு சீழ்க்கை. குழந்தையின் தொண்டை வீங்கி அடைத்துக்கொண்டிருந்தது. அதைத் திறக்கவல்ல மருந்து அட்ரினலின். அது இரும்பு அலமாரிக்குள். சாவி பண்டகக் காப்பாளர் கச்சாலேயின் இடுப்பில். அவரோ ஆற்றுக்கு அக்கரையில், ஒரு சாவுக்காக இடுகாட்டில்.

"கச்சாலே போன் அணைஞ்சிருக்கே, ம்பேவே அண்ணே?"

"புதைக்கிற எடத்துல எவன் போனைத் திறந்து வைப்பான், சிஸ்டர்? மண்ணள்ளிப் போட்டு, ந்சிமாக் களி தின்னுட்டுத்தான் வருவாரு," என்றார் காவலாளி.

"பூட்டை உடைச்சிரட்டுமா?"

"உடைங்க. போன வருஷம் உடைச்ச சிஸ்டர் இப்பச் சந்தையில தக்காளி விக்குது. பக்கத்துல உங்களுக்கும் ஒரு சாக்கு விரிப்பாங்க."

தமண்டா தயங்கினாள். மீண்டும் அழைத்தாள். மீண்டும்.

அவள் உடல் தயங்கவில்லை. நெஞ்சு பறையாய் அதிர்ந்தது, நாக்கு வறண்டது, விரல்கள் சில்லிட்டன, அறையின் ஓரங்கள் இருண்டு பூட்டு மட்டும் தெரிந்தது, ஓசைகளெல்லாம் தண்ணீருக்கடியில் அமிழ்ந்தன. அலமாரிக்குள் அடைபட்ட அதே மருந்தை அவள் உடலே சுரந்து நரம்பெங்கும் பாய்ச்சியது. அதில் ஒரு துளியைக்கூடக் குழந்தைக்கு ஈய வழியில்லை.

அலமாரிக் கதவைப் பற்றி இழுத்தாள். இரும்பு வளைந்தது. நகம் பிய்ந்தது. வலி இல்லை. கீல் தெறித்தது. குப்பி. ஊசி. தொடை.

அப்போதுதான் காது திறந்தது.

சீழ்க்கை இல்லை. எப்போது நின்றது? அவளுக்குக் கேட்கவே இல்லை.

"இப்பச் சத்தமே இல்ல, சிஸ்டர். தூங்கிட்டா," என்றாள் நசிபேகோ, நிம்மதியாய். "இனிமே நல்லாயிருவால்ல?"

தமண்டாவின் இதயம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. தாய் தன் மேல்துணியின் நுனியால் மகளின் நீலம் பாய்ந்த முகத்துக்கு விசிறினாள். புன்னகைத்தாள். இன்னும் விசிறுகிறாள்.

கண்டவர்களே, எழுங்கள். இன்றே உங்கள் ஊர் மருந்தகத்துக்குச் செல்லுங்கள். உயிர்காக்கும் மருந்தைப் பணியில் இருப்பவர் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வைக்கும்வரை வாசலைவிட்டு அகலாதீர்கள்.