தேன் நிறத்தில் ஒரு பொய்

தொலைபேசி அலறியது.

காலை எட்டரை மணி. தைச்சுங் நகரம் அப்போதுதான் ஸ்கூட்டர்களை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்பின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. தலைமை மெக்கானிக் லியாவ் ஜியாசெங் ஒரு கையில் சோயாப்பால் கோப்பையோடு குனிந்து உள்ளே போய் ரிசீவரை எடுத்தான்.

"ஃபாங் ஜிங்தேங்கிறவரோட கார் உங்ககிட்டதானே சர்வீஸுக்கு வரும்?"

"ஆமா. நீங்க...?"

"போலீஸ். இனிமே வராது."

சோயாப்பால் தரையில் விழுந்தது.

குகுவான் மலைப்பாதையில், பதினேழாவது வளைவில், நேற்று மாலை என்ஜின் இறுகி நின்றுபோனதாம். ஸ்டியரிங் கல்லாகிவிட்டதாம். நாற்பதடி பள்ளம். ஆளை எடுத்தபோது உயிர் இல்லை. நொறுங்கிய காரை இழுத்துக்கொண்டு வருகிறார்களாம். கழற்றிக் காட்ட ஆள் வேண்டுமாம்.

ஜியாசெங் ரிசீவரை வைத்தான். மேஜைமேல் ஒரு பெட்டி பேரிக்காய் இருந்தது. புதன்கிழமை ஃபாங் கொண்டுவந்து வைத்தது. சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் ஒரு பெட்டி கொண்டுவருவார். பாதிகூடத் தீரவில்லை.

நான்தான் கொன்றேன்... என்று நினைத்துக்கொண்டான்.

அது இப்படி.

ஃபாங்கின் கறுப்பு ஜெர்மன் கார் எட்டு லிட்டர் எண்ணெய் குடிக்கும். எண்ணெய், ஃபில்ட்டர், கூலி எல்லாம் சேர்த்து உள்ளூர்ப் பணத்தில் பன்னிரண்டாயிரம் டாலர். கார் செய்தவன் கொடுத்த புத்தகத்தில், இருபத்துநாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று எழுதியிருந்தது. முதலாளியம்மா கே மெய்யூன் அந்தப் புத்தகத்தை ஒத்துக்கொண்டதே இல்லை. அவர்கள் ஊர்ச் சாலையில் அவர்கள் ஓட்டுவதற்கு எழுதியது அது, நம் ஊர் வெயிலுக்கும் மலைக்கும் நெரிசலுக்கும் ஏழாயிரம்தான் கணக்கு என்பாள். வாடிக்கையாளர்களும் தலையாட்டுவார்கள். விலை உயர்ந்த கார் வைத்திருப்பவனுக்கு விலை உயர்ந்த பயமும் இருக்குமே!

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழை நாள். ஒன்பது கார்கள் வரிசையில் நின்றன. ஜியாசெங் ஒரு காரை ஹைட்ராலிக் தூக்கியில் ஏற்றினான், ஒன்றும் செய்யாமல் இறக்கினான். டாஷ்போர்டில் சர்வீஸ் விளக்கை மட்டும் அணைத்தான். கதவின் உள்பக்கம் புதுத் தேதி போட்டு ஸ்டிக்கர் ஒட்டினான். அடுத்த ஏழாயிரத்துக்கு அந்தக் கார் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. புத்தகம் சொன்னது சரிதான்.

அன்றிலிருந்து, வரிசை நீளும்போதெல்லாம் அந்த வேலை. மாற்றாத எண்ணெய்க் கேன்கள் அலமாரிக்கே திரும்பின. முதலாளியம்மா அவற்றைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஆனால் நெஞ்சுக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. அதற்காக ஒரு பரிகாரம் வைத்திருந்தான். எண்ணெய் மாற்றாமல் ஏமாற்றிய ஒவ்வொரு காரின் டாஷ்போர்டு அறையிலும், தேங்காய் வாசனை மக்காச்சோளப் பொரியில் ஒரு பச்சைப் பொட்டலம் வைப்பான். இயந்திரம் சமத்தாக நடந்துகொள்ள அந்தத் தீவில் எல்லோரும் வைப்பதுதான். ஆஸ்பத்திரி மெஷின்மேல்கூட இருக்கும். பச்சை உறைதான் வைக்க வேண்டும், மஞ்சள் கூடாது. தேதி தாண்டியிருக்கவும் கூடாது.

புதன்கிழமை ஃபாங்கின் காரில் ஒரு புதுப் பொட்டலம் வைத்தான்.

எண்ணெயைத் தொடவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. நேற்று மாலை ஆறு நாற்பதுக்கு ஃபாங் போன் செய்தார்.

"ஆ-செங், எண்ணெய்க் குடுவை மாதிரி ஒரு செவப்பு லைட் எரியுதுப்பா. மலை ஏறிட்டிருக்கேன்... நிறுத்தவா?"

நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சிவப்பு என்றால் நிறுத்த வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததா? ஆனால் நிறுத்தினால் இழுவை வண்டி வரும். வேறொரு மெக்கானிக் திறப்பான். கறுப்பு எண்ணெய் ஒழுகும். குட்டு வெளிப்படும்.

"புது ஆயில் சார். சென்சார் பழக ஒரு நாள் ஆகும். ஓட்டுங்க."

ஓட்டினார்.

ஒன்பதரை மணிக்கு இழுவை வண்டி வந்தது. பின்னாலேயே, போலீஸ் சம்பளத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு வெள்ளைக் கார். அதிலிருந்து இன்ஸ்பெக்டர் ஜியான் யூலான் இறங்கினாள். ஐம்பது வயது இருக்கும். தூக்கம் கலையாத கண்கள், ஆனால் எதையும் தவறவிடாத கண்கள்.

கூட ஒரு மனிதர். வெள்ளைச் சட்டை, வீங்கிய இமைகள். ஷாவ் வெய்லுன். ஃபாங்கின் மைத்துனர். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஃபாங்கின் ஃபேக்டரியில் அவரும் பங்குதாரர்.

நொறுங்கிய கறுப்புக் கார் தூக்கியில் மெல்ல மேலேறியது. இறந்துபோன திமிங்கிலத்தைக் கரைக்குத் தூக்குவதுபோல இருந்தது ஜியாசெங்குக்கு. டார்ச்சை அடித்தான்.

எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஒரு வட்ட ஓட்டை.

எண்ணெயை வடிக்கத் திறக்கும் ட்ரெயின் நட்டு இல்லை!

"கழண்டு விழுந்திருக்கு. மொத்த ஆயிலும் வழியிலயே ஊத்திருக்கு. அப்படித்தானே?" என்றாள் ஜியான்.

"ஆமா மேடம்."

"புதன்கிழமை ஆயில் மாத்தினது யாரு?"

வேலைச் சீட்டில் ஜியாசெங்கின் கையெழுத்து இருந்தது. தலையை மட்டும் ஆட்டினான்.

முதலாளியம்மா அவனை டயர் அடுக்குக்குப் பின்னால் இழுத்துப் போனாள். சரியாக முறுக்கவில்லை, கவனப்பிசகு என்று ஒத்துக்கொள்ளச் சொன்னாள். அதற்குத் தண்டனை குறைவு, வக்கீல் பார்த்துக்கொள்வார், இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்றாள். குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"அந்த இன்னொரு விஷயம் மட்டும் வெளிய வந்துச்சுன்னா ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். பதினோரு குடும்பம்டா, ஆ-செங்."

அவனுக்கு மறுப்பதற்கு மனசில்லை. அந்த நட்டைக் கடைசியாக முறுக்கியது அவன்தான், மார்ச் மாதத்தில். அப்போதே தளர்வாக விட்டிருப்பானோ? புதன்கிழமை தொட்டிருந்தாலாவது தெரிந்திருக்குமே. தொடாதது ஒரு பாவம், ஓட்டச் சொன்னது இன்னொரு பாவம். எந்தப் பெயரில் தண்டனை வந்தால் என்ன?

ஜியான் வாக்குமூலத்தை எழுதி நீட்டினாள். ஜியாசெங் பேனாவை வாங்கினான்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் ஷாவ். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நேத்து சாயங்காலம் ஃபேக்டரி பார்க்கிங்ல, மாமா வண்டிக்குக் கீழ சொட்டுச் சொட்டா இருந்துச்சு. தொட்டுப் பார்த்தேன். தேன் மாதிரி, புத்தம்புது ஆயில். மெக்கானிக் ஒழுங்கா மூடல மாமா, திரும்பக் கொண்டுபோங்கன்னேன். கேக்கல மேடம்."

"விரல் துடைச்ச டிஷ்யூவையும் பத்திரமா வெச்சிருந்து குடுத்தாரு" என்று ஜியான் ஒரு பிளாஸ்டிக் உறையை மேஜைமேல் வைத்தாள். "உறை மேல கையெழுத்தும் போட்டிருக்காரு."

ஜியாசெங் பார்த்தான்.

வெள்ளை டிஷ்யூ. நடுவில் வட்டமாக ஒரு கறை. மாலை வெயில் மாதிரி தெளிந்த தங்க நிறம்.

பேனா நின்றது.

ஏழாயிரத்து இருநூறு கிலோமீட்டர் ஓடிய எண்ணெய் அந்தக் காரில் இருந்தது. அது கறுப்புக் காப்பி மாதிரி இருக்கும். துடைத்தால் கரி பூசியதுபோல் ஒட்டும். அந்தக் காரிலிருந்து இப்படி ஒரு சொட்டு விழ வழியே இல்லை. இது உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவன் வாயைத் திறந்தால் அவன் திருடன். திறக்காவிட்டால்... எதிரே நிற்கும் இந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

பேரிக்காய்ப் பெட்டியை ஒருமுறை பார்த்தான்.

"இது அந்த வண்டி எண்ணெய் இல்ல மேடம்."

"ஆ-செங்!" என்றாள் முதலாளியம்மா.

"நான் புதன்கிழமை ஆயிலே மாத்தல. காசு மட்டும் வாங்கினோம். ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினேன்."

ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

ஜியாசெங் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, நட்டு இருந்த ஓட்டைக்குள் விரலோடு நுழைத்துத் துடைத்தான். வெளியே எடுத்துக் காட்டினான்.

கன்னங்கரேல்.

பிறகு ஃபில்ட்டரைக் கழற்றினான். அதன் முதுகில் அவன் கையெழுத்திலேயே ஒரு தேதி. மார்ச் பதினொன்று.

"மாத்தியிருந்தா இதுவும் புதுசா இருந்திருக்கும் மேடம். இந்த வண்டில ஆறு மாசமா தேன் கலர்ல ஒரு சொட்டுகூடக் கிடையாது."

ஜியான் துணியைப் பார்த்தாள். டிஷ்யூவைப் பார்த்தாள். கடைசியாக ஷாவைப் பார்த்தாள்.

"புது ஆயில் தேன் கலர்னு எல்லாருக்கும் தெரியும் மிஸ்டர் ஷாவ். இதை எங்க வாங்கினீங்க?"

ஷாவ் சிரிக்க முயன்றார். வேறு காரின் சொட்டாக இருக்கலாம் என்றார். பார்க்கிங்கில் வெளிச்சம் போதாது என்றார். ஃபேக்டரி பார்க்கிங் கேமராவை இன்னும் பார்க்கவில்லை, இப்போதே ஆள் அனுப்புகிறேன் என்று ஜியான் போனை எடுத்ததும் அவர் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

மீதி தானாகக் கொட்டியது. புது கியர் ஒன்றின் வரைபடங்களை அவர் ஒரு போட்டி ஃபேக்டரிக்கு விற்றிருந்தார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஃபாங் அதைப் போட்டு உடைக்கவிருந்தார். நேற்று மதியம் கதவில் புது ஸ்டிக்கரைப் பார்த்ததும் யோசனை உதித்தது. காரின் அடியில் படுத்து, ஒரு சொட்டும் விழாதபடி நட்டை அளவாகத் தளர்த்தினார். மீதியை மலைப்பாதையின் குலுக்கல் பார்த்துக்கொள்ளும். பழி மெக்கானிக்மேல் விழும். அதை இன்னும் உறுதியாக்கத்தான் அந்த டிஷ்யூ.

அதுதான் அவரைக் கவிழ்த்தது!

இழுவை வண்டியோடு வந்த கான்ஸ்டபிள் ஷாவை ஒரு டாக்சியில் ஏற்றிக்கொண்டு போனான். முதலாளியம்மா உட்கார்ந்தபடியே அலமாரியிலிருந்த எண்ணெய்க் கேன்களை வெறித்துக்கொண்டிருந்தாள். நேற்று மாலை மலையிலிருந்து வந்த போனைப் பற்றியும் ஜியாசெங் சொல்லி முடித்தான்.

"கொன்னது ஷாவ்" என்றாள் ஜியான் மெதுவாக. "ஆனா லைட் எரியுதுன்னு கேட்டவர்கிட்ட ஓட்டுங்கன்னு சொன்னது நீங்க. அவரு போன்ல கடைசி கால் உங்களுக்குத்தான். ரெண்டையும் எழுதணும்."

"எழுதுங்க மேடம்." அவனுக்கு அழுகை வந்தது. வந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது. "பேரிக்காய் தின்னும்போதெல்லாம் அந்தக் குரல் கேக்கும். அதுக்கு எந்தச் சட்டத்துலயும் இடமில்ல."

ஜியான் நோட்டை மூடினாள். ஏதோ ஞாபகம் வந்தவளாகக் கைப்பையிலிருந்து ஒரு பச்சைப் பொட்டலத்தை எடுத்தாள்.

"நொறுங்கின வண்டில இது மட்டும் கசங்காம இருந்துச்சு. நீங்க வெச்சதா?"

சொன்னான். மறைக்க இனி என்ன இருக்கிறது? எண்ணெய் மாற்றாத கார்களில் மட்டும்தான் வைப்பேன் என்றான். மூன்று வருடத்தில் பதினாலு பொட்டலம்.

ஜியானின் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. மெல்லத் திரும்பி, வாசலில் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தாள்.

"ஸ்டேஷன் வண்டி ரிப்பேர்னு என் வீட்டுக்காரர் காரை எடுத்துட்டு வந்தேன். ஜூன்ல இங்கதான் சர்வீஸ் ஆச்சு. பதிமூணாயிரம் டாலர் குடுத்தாரு."

ஜியாசெங் ஒரு அடி பின்வாங்கினான். "டாஷ்போர்டுல பச்சைப் பொட்டலம் இருக்கா மேடம்?"

"இருந்துச்சு. போன வாரம் என் பொண்ணு பிரிச்சுத் தின்னுட்டா."

ஜியாசெங் இரண்டு கைகளையும் விலங்குக்காக நீட்டினான்.

"அப்ப ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாம் மேடம்!"