தவிட்டுக்கு விற்ற பிள்ளை

மதியம் இரண்டு மணியாகியும் குழந்தை பாலுக்கு அழவில்லை. காலை ஏழு மணிக்கு இரண்டு வாய் குடித்ததோடு சரி. புவனேஸ்வரிக்கு மார்பில் பால் கட்டி வலித்தது. செவிலிமேட்டு வெயில் ஜன்னல் கம்பிகளைச் சூடாக்கிக்கொண்டிருக்க, கூரைக் கொக்கியில் புடவைத் தூளி ஆடாமல் தொங்க, அதற்குள்ளிருந்து நிதானமாக, அவசரமே இல்லாமல், பால் தொண்டையில் இறங்கும் சத்தம் வந்தது. மடக். மடக்.

எட்டிப் பார்த்தாள். தூங்குகிறான். உதட்டோரம் பால். முகர்ந்தாள். அவளுடைய பால் இல்லை. ஆஸ்பத்திரித் தரை துடைக்கும் மருந்தின் நாற்றம் அதில் கலந்திருந்தது.

முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த வாரமே இதயக் கோளாறில் செத்துப்போயின. இவனுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறியிருந்தன. எட்டாம் நாள் சென்னையில் நெஞ்சைப் பிளந்து மாற்றிவைத்தார்கள். நேற்று சோதித்த டாக்டர், "சூப்பர் ரிசல்ட்மா. வெயிட்டும் நல்லா ஏறியிருக்குது. உங்க பால்தான் காரணம்" என்றார். அவள் முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள்.

பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததைத் தவிட்டுக்கு விற்பார்கள். வேறொருத்தி தவிடு கொடுத்து வாங்குவாள். அன்றைக்கே தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுவிட வேண்டும். எமன் ஏமாந்து போவானாம். வாங்க வேண்டியவள் நாத்தனார் இந்திராணி. முசரவாக்கத்திலிருந்து அவள் வந்து சேரவில்லை, ஆபரேஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்போது வார்டு வாசல் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது.

"நான் வாங்கிக்கிறேன்மா."

அவள் பையில் தவிடு இருந்தது. ஏன் இருந்தது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

புவனேஸ்வரி போனை எடுத்து இந்திராணியைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, அந்தத் தவிடு..."

"திருப்பிக் குடுத்தியா இல்லியா?"

"ஆபரேஷன் முடிஞ்சு வந்து பாத்தா அவ இல்ல."

"அடிப்பாவி! ரெண்டு மாசமா என்னா பண்ணிக்கினு இருந்த? யாரு எவன்னு தெரியாதவகிட்ட பெத்த புள்ளைய வித்துட்டு, புள்ள பொழைச்சிட்டான்னு ஊரெல்லாம் பீத்திக்கினு இருந்தியே!"

"மெதுவா பேசுங்க அண்ணி. கேக்கும்."

"யாருக்குடி கேக்கும்? உன் வூட்ல யாரு இருக்காங்க?"

திரும்பினாள்.

இடுப்பளவில் தொங்கிய தூளி இப்போது தரையைத் தொட்டது. துணி விம்மியிருந்தது. மடக்கிய முழங்கால். சாய்ந்த தோள். நடுவே ஈரமாக இரண்டு வட்டம்.

போன் விழுந்தது. பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கினாள். கண் திறந்து அவளைப் பார்த்தான். யாரோ ஒருத்தியைப் பார்த்ததுபோல அலறினான்.

சட்டென்று சத்தம் நின்றது. உதடு நீலம். நகம் நீலம். நெஞ்சுத் தழும்பு மட்டும் சிவப்பு. தட்டினாள். ஊதினாள். மூச்சில்லை. வாசலுக்கு ஓடினாள். முகம் கறுத்தது.

"தவிட்ட தரேன்மா. இப்பவே தரேன். உட்டுடு."



தூளிப் பக்கம் ஓரடி வைத்தாள். உதட்டில் நீலம் வெளுத்தது. இன்னோர் அடி. சிவந்தது. இன்னோர் அடி. மூச்சு வந்தது.

நின்றாள். நின்றதும் மூச்சு நின்றது.

இரண்டு கையாலும் அவனை நீட்டினாள். துணி விலகியது. உள்ளிருந்து இரண்டு கைகள் எழுந்தன. தலைக்கடியில் ஒன்று. முதுகுக்கடியில் ஒன்று. பழகிய கைகள். வாங்கிக்கொண்டன.